மாத்திரையோடு ஒரு வாக்கியமும் கொடுங்கள்

போன செமஸ்டரில் ஒரு ராத்திரி, மணி ரெண்டு இருக்கும், எனக்கு ஹார்ட் அட்டாக் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். வயது இருபது. சிகரெட் கிடையாது, வேறு எதுவும் கிடையாது, விடுதி மெஸ் சாம்பாரைத் தவிர உடம்புக்குக் கெடுதல் எதையும் நான் சாப்பிடுவதில்லை. ஆனால் நெஞ்சுக்கு நடுவில் யாரோ சூட்டுக்கோலை வைத்து அழுத்துவது போல ஒரு வலி. எச்சில் விழுங்கினால் கூட உயிர் போனது.

அறைத்தோழனை எழுப்பினேன். அவன் பாதித் தூக்கத்தில் "டேய், கேஸ்டா. ஓமத்திரம் குடிச்சிட்டுப் படு" என்றான். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் செருப்பைத் தேடினான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இப்ப ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாப்பா?"

"கண்ணுக்கு ஒரு கேப்சூல் சாப்பிடுறேன் சார்."

"என்ன கேப்சூல்?"

"டாக்சிசைக்ளின்."

"எப்படி முழுங்குவ? எத்தனை மணிக்கு?"

சொன்னேன். ராத்திரி பதினொன்றரைக்குப் படித்து முடித்து, லைட்டை அணைப்பதற்கு முன்னால் ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொண்டு அப்படியே படுத்துவிடுவேன் என்று. அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். "ஹார்ட்டும் இல்ல, கேஸும் இல்ல. மாத்திரை தொண்டைக்குக் கீழ ஒட்டிக்கிட்டுப் புண்ணு பண்ணியிருக்கு. யாரும் சொல்லலியா, தண்ணி நெறைய குடிக்கணும், உடனே படுக்கக் கூடாதுன்னு?"

யாரும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்த 'யாரும் சொல்லவில்லை' பற்றித்தான்.

முதலில் கண் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டிலிருந்தே எனக்குக் கண் ஓரம் எப்போதும் சிவந்திருக்கும். காலையில் எழுந்தால் இமைமுடிகளில் பொடுகு மாதிரி பொறுக்கு ஒட்டியிருக்கும். மதியத்துக்கு மேல் கண்ணில் மண் விழுந்த மாதிரி ஒரு உறுத்தல். லேப் வகுப்பில் பேராசிரியர் என்னை ஒருமாதிரி பார்த்து "ராத்திரியெல்லாம் எங்கப்பா சுத்துன?" என்று கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆறு மாதத்தில் இரண்டு முறை கண்கட்டி வந்தது. அம்மா போனில் நாமக்கட்டியை உரசிப் போடச் சொன்னார். போட்டேன். வகுப்பில் திருவிழா வேஷம் மாதிரி இருந்தது, அவ்வளவுதான் :-)

கடைசியில் கண் டாக்டரிடம் போனபோது அவர் சொன்ன பெயர் பிளெஃபரைட்டிஸ், அதாவது இமை அழற்சி. நம் இமைகளுக்குள்ளே வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மேல் இமையில் ஏறத்தாழ 30, கீழ் இமையில் அதைவிடச் சற்றுக் குறைவு. 1666-ல் இவற்றை விவரித்து எழுதிய ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறார்கள். நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவை மெல்லிய எண்ணெய்ப் படலத்தைக் கண்ணீரின் மேல் பூசுகின்றன. அந்தப் படலம் இருந்தால்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். உறைந்து போய், தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. என் போன்றவர்களின் இமைச் சுரப்பிகளில் நடப்பது ஏறக்குறைய அதுதான். எண்ணெய் கெட்டியாகி, வாயில் அடைத்துக்கொள்கிறது. இமையோரத்தில் வழக்கமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தக் கொழுப்பை உடைத்துக் கண்ணை உறுத்தும் பொருள்களாக மாற்றுகின்றன. இமை வீங்குகிறது, சிவக்கிறது, எண்ணெய் இன்னும் கெட்டியாகிறது. சுற்றிச் சுற்றி அதே கதை. இது சர்க்கரை நோய் மாதிரி, முழுசாகக் குணமாகி வீட்டுக்குப் போகிற சமாசாரம் இல்லை. அடக்கி வைத்துக்கொண்டு வாழ வேண்டியது.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஆறு வாரம். மொத்தம் 84 கேப்சூல். கூடவே "வெந்நீர் ஒத்தடம் குடுங்க, இமையைச் சுத்தமா வச்சுக்கங்க" என்று சொன்னார். அதைச் சொல்லும்போதே அடுத்த நோயாளி நாற்காலியில் பாதி உட்கார்ந்துவிட்டார். நான் மாத்திரையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒத்தடம் என்பது பாட்டி வைத்தியம், மாத்திரைதான் சிகிச்சை என்று என் மனசில் ஒரு எண்ணம். பொறியியல் மாணவன் பாருங்கள், விஞ்ஞானி!

மருந்துக்கடை அண்ணன் அட்டைகளைக் கத்தரித்து, பழுப்புக் கவரில் போட்டு, மேலே '1-0-1' என்று எழுதி, "சாப்பாட்டுக்கு அப்புறம் தம்பி" என்றார். மருந்துப் பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில். பத்து அட்டை இருக்கிற பெட்டியில் அப்படி ஒன்றுதான் இருந்தது. அது கடையிலேயே தங்கிவிட்டது. என் கைக்கு வந்தது மாத்திரையும் அந்த 1-0-1-ம்தான்.

ராத்திரி மாத்திரையைச் 'சாப்பாட்டுக்கு அப்புறம்'தான் சாப்பிட்டேன். எட்டு மணிக்கு மெஸ் சாப்பாடு, பதினொன்றரைக்கு மாத்திரை. தப்பு எங்கே என்று சொல்லுங்கள்?

அந்தப் புண் ஆற ஏறக்குறைய பத்து நாள் ஆனது. மூன்று நாள் கஞ்சியும் ஆறிய பாலும்தான். ஒரு இன்டர்னல் தேர்வு போயிற்று. அம்மா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு சொன்னார்: "இங்கிலீஷ் மருந்தே இப்படித்தான். ஒண்ணைக் குணமாக்கி ரெண்டைக் குடுக்கும்." பக்கத்து அறை நண்பன் எதிர்த் தீர்ப்பு சொன்னான்: "எல்லா மருந்துக்கும் சைடு எஃபெக்ட் இருக்கும்டா, தாங்கிக்கணும்."

இரண்டுமே எனக்குத் தப்பாகப் பட்டது. படுத்திருந்த பத்து நாளில் இந்த மருந்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவாயிற்று. எனக்கு நடந்ததை மருந்தின் தலையிலும் போட முடியாது, என் உடம்பின் தலையிலும் போட முடியாது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் வந்தே இருக்காத ஒன்று அது. டாக்சிசைக்ளின் அமிலத்தன்மை உள்ளது. கேப்சூலின் உறை ஈரம் பட்டால் பசை போல ஒட்டும். கொஞ்சத் தண்ணீரில் விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயின் சுவரில் ஒட்டி, அங்கேயே கரைந்து, அந்த இடத்தைப் பொசுக்கிவிடுகிறது. மருத்துவப் புத்தகங்களில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. அதாவது எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது, முழுங்கியவன் நான்!

இந்த மருந்துக் குடும்பத்தின் வரலாறும் சுவாரசியமானது. டெட்ராசைக்ளின் வகையில் முதலாவதான ஆரியோமைசினை, அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் மண் மாதிரிகளைச் சோதித்தபோது கண்டுபிடித்தார். 1948-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அப்போது அந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அந்தக் குடும்பத்தில் பிறகு வந்ததுதான் டாக்சிசைக்ளின், 1967-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் பழகிய மருந்து. இதன் குணமும் தெரியும், கோபமும் தெரியும். புது மருந்து, என்ன செய்யுமோ என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம் எனக்குப் புதிதாக இருந்தது. இமைக்கு இந்த மருந்தைக் கொடுப்பது முக்கியமாகக் கிருமியைக் கொல்வதற்கு அல்ல. டெட்ராசைக்ளின்களுக்கு அழற்சியை அடக்கும் குணமும் உண்டு. திசுவை அரிக்கும் சில என்சைம்களை இவை தடுப்பதை 1983-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாக்டீரியாக்கள் கொழுப்பை உடைக்கப் பயன்படுத்தும் லைபேஸ் என்சைமையும் இவை குறைக்கின்றன. ஆக, இது ஐந்து நாள் காய்ச்சல் மருந்து போல வேலை செய்வதில்லை, வாரக்கணக்கில் மெதுவாக வேலை செய்கிறது. வாரக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்து என்றால், அதன் தொல்லைகளும் வாரக்கணக்கில் வர வாய்ப்பு உண்டு என்றுதானே அர்த்தம்? ஐந்து நாள் மருந்துக்கு ஒரு வாக்கியம் சொன்னால், ஆறு வார மருந்துக்கு ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டாமா?

கிருமியைக் கொல்வது நோக்கம் இல்லை என்றால் அவ்வளவு அளவு எதற்கு என்ற கேள்வியும் வருகிறது. பல் ஈறு நோய்க்கு 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளினை அமெரிக்காவில் 1998-ல் அனுமதித்தார்கள். முகம் சிவக்கும் ரோசேஷியா நோய்க்கு 40 மில்லிகிராம் கேப்சூலை 2006-ல் அனுமதித்தார்கள். இரண்டும் கிருமியைக் கொல்லும் அளவுக்குக் கீழே. தென் கொரியாவில் இமைச் சுரப்பிக் கோளாறு உள்ள 150 பேரை வைத்துச் செய்து 2005-ல் வெளியான ஆய்வில், 200 மில்லிகிராம் இரண்டு வேளை சாப்பிட்டவர்களும் 20 மில்லிகிராம் இரண்டு வேளை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி முன்னேறினார்கள். பக்க விளைவு மட்டும் குறைந்த அளவுக்காரர்களுக்குப் பாதிக்கும் குறைவு.

உடனே 'அப்படியானால் அளவை நாமே குறைத்துக்கொள்ளலாம்' என்று கிளம்பிவிடாதீர்கள். ஒரு சின்ன ஆய்வை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. 2021-ல் காக்ரேன் குழுவினர் இமை அழற்சிக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் பற்றிய நல்ல ஆய்வுகளைத் தேடியபோது அவர்கள் கைக்குச் சிக்கியது இரண்டே இரண்டு. பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, பக்க விளைவுகள் கூடலாம் என்கிற அளவில்தான் அவர்களால் முடிக்க முடிந்தது. இதைப் படித்து எனக்கு டாக்டர் மேல் கோபம் வரவில்லை. பலனே இவ்வளவு நிச்சயமில்லாத இடத்தில், தொல்லையைப் பற்றி நோயாளியிடம் பேசுவது எத்தனை முக்கியம் என்றுதான் தோன்றியது. தராசின் ஒரு தட்டை மட்டும் காட்டிவிட்டு 'எடை சரியா?' என்று கேட்பது நியாயமா?

இனி அந்தத் தொல்லைகளுக்கு வருவோம். பட்டியலைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். பயப்படாமல் மூன்று பெட்டிகளில் பிரித்துக்கொண்டால் சுலபம் என்று எனக்குப் பட்டது.

முதல் பெட்டி: நம் பழக்கத்தால் தடுக்கக் கூடியவை. உணவுக்குழாய்ப் புண் இதில் சேர்த்தி. குமட்டலும் பெரும்பாலும் இதில்தான். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போட்டால் குறையும். வெயிலும் இதில்தான் வருகிறது. இந்த மருந்து சாப்பிடும்போது தோல் வெயிலுக்குச் சீக்கிரம் கருகும். எனக்கு இரண்டாவது பாடம் அங்கே கிடைத்தது. புண் ஆறியதும் டாக்டரம்மா காலையில் மட்டும் ஒன்று என்று மாற்றி மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். தண்ணீர், நிமிர்ந்து உட்காருதல் எல்லாம் சொன்னார். வெயிலைப் பற்றிச் சொல்லவில்லை. நான் சிவில் துறை. அடுத்த வாரம் சர்வே கேம்ப்! காலை எட்டு முதல் மாலை நாலு வரை பொட்டல் காட்டில் டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு நின்றேன். இரண்டாம் நாள் மூக்கும் கழுத்தும் முழங்கைக்குக் கீழேயும் அடுப்பில் வாட்டியது போல் சிவந்து, பிறகு தோல் உரிந்தது. கூட நின்ற இருபது பேரும் கறுத்தார்கள், அவ்வளவுதான். உரிந்தது நான் ஒருவன். சித்திரை வெயில் அடிக்கிற ஊரில் இந்த மருந்தைக் கொடுக்கும்போது 'முழுக்கைச் சட்டை, தொப்பி' என்று இரண்டு வார்த்தை சொல்லாமல் விட்டால் எப்படி?

பாலும் அப்படித்தான். அம்மா "சூட்டைத் தணிக்கும், பாலோட போடு" என்றார். பாலில் உள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் உறிஞ்சவிடாமல் செய்யும். இரும்புச்சத்து மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ரோஸ் கலர் மருந்தும் இன்னும் அதிகமாகத் தடுக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வலி வருவதற்கு முந்தின இரண்டு நாள் நெஞ்சு எரிகிறதே என்று மாத்திரையைப் போட்ட கையோடு ஆன்டாசிட்டும் குடித்தேன். அதாவது மாத்திரை தொண்டையைப் புண்ணாக்கியது, மிச்சம் உள்ளே போனதை நானே வீணாக்கினேன். இதைவிடத் திறமையாக ஒரு மருந்தைச் சாப்பிட முடியாது. ரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் தோழிகள் எத்தனை பேர்! அவர்களுக்கு யாராவது இரண்டு மாத்திரைக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி வேண்டும் என்று சொல்கிறார்களா?

இரண்டாம் பெட்டி: வரலாம், ஆனால் பயம் இல்லை, டாக்டரிடம் சொன்னால் வழி உண்டு. லேசான வயிற்றுப்போக்கு. வாயில் வெள்ளைப் படலம். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றால் அரிப்பு. நல்ல கிருமிகளையும் மருந்து அடிப்பதால், சும்மா இருந்த பூஞ்சை தலையெடுக்கிறது. கடைசியில் சொன்னதை நம் ஊரில் எந்தப் பெண்ணும் கண் டாக்டரிடம் போய்ச் சொல்ல மாட்டார். கண் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்றே தோன்றாது. வெட்கப்பட்டுக்கொண்டு, தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அவதிப்படுவார். முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த வெட்கமே தேவையில்லை.

மூன்றாம் பெட்டி: அரிது, ஆனால் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஓட வேண்டும். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல். விடாத, கடுமையான வயிற்றுப்போக்கு. எல்லாவற்றுக்கும் மேல், விடாத தலைவலியோடு பார்வை மங்குவது அல்லது இரண்டிரண்டாகத் தெரிவது. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் இப்படி வரும், கவனிக்காமல் விட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். இதில் உள்ள விபரீதத்தை யோசித்துப் பாருங்கள். கண்ணுக்காக மாத்திரை சாப்பிடுகிறவனுக்குப் பார்வை மங்கினால் என்ன நினைப்பான்? 'கண் நோய் அதிகமாகிவிட்டது, மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும்' என்றுதானே? சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் மனிதனை நேர் எதிர்த் திசையில் ஓட வைக்கும்.

நம் வயதுக்காரர்கள் கவனிக்க இன்னொன்று. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்கள் எங்கள் விடுதி மாடியிலேயே நாலு பேர். அந்த மருந்தே இமை எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கிக் கண்ணை வறள வைக்கும். கண் எரிகிறதே என்று அவன் கண் டாக்டரிடம் போய், பரு மருந்தைப் பற்றிச் சொல்லாமல் டாக்சிசைக்ளின் வாங்கிக்கொண்டு வந்தால் இரண்டும் சேரும். இரண்டும் சேர்ந்தால் நான் சொன்ன அந்த மண்டை அழுத்தம் வரும் ஆபத்து கூடும் என்பதால் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது விதி. தோல் டாக்டருக்குக் கண் தெரியாது, கண் டாக்டருக்குத் தோல் தெரியாது, நடுவில் இருக்கிற நமக்கு எதுவும் தெரியாது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் இப்படி வாரக்கணக்கில் இதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை; வளரும் பற்களில் நிரந்தரமாகக் கறை படியும். அக்கா வீட்டுக் குழந்தைக்கும் கண்ணில் அதே மாதிரி பொறுக்கு என்று மிச்ச கேப்சூலை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும். மருத்துவம் படிக்கும் என் பள்ளி நண்பனிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவன் இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் நோயாளி பார்க்கிற இடத்தில் யாருக்குடா நேரம்? இரண்டு, பக்க விளைவு என்று வாயைத் திறந்தாலே பாதிப் பேர் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவான், மீதிப் பேருக்குச் சொன்ன எல்லாம் வந்த மாதிரி தோன்றும்.

இரண்டாவது வாதம் பலமானது. எதிர்பார்ப்பே தொல்லையை உண்டாக்கும் என்பது உண்மைதான். ஆனால் நான் கேட்பது முழுப் பட்டியலை ஒப்பிக்கச் சொல்லி அல்ல. 'வாந்தி வரலாம், தலை சுற்றலாம், ஈரல் கெடலாம்' என்று சொல்வது பயமுறுத்தல். 'ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போடு, அரை மணி நேரம் படுக்காதே' என்பது பயமுறுத்தலா? அது சமையல் குறிப்பு மாதிரி. 'பார்வை மங்கினால் நிறுத்திவிட்டு வா' என்பது பயமுறுத்தலா? அது வழிகாட்டல். அதோடு, சொல்லாமல் விட்டதால் மட்டும் என்ன ஆயிற்று? என் அம்மா இனிமேல் எந்த ஆன்டிபயாட்டிக்கையும் நம்ப மாட்டார். நாளைக்கு அவருக்கே நிமோனியா வந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால், இரண்டாம் நாளே 'சூடு' என்று நிறுத்திவிடுவார். சொல்லாமல் மிச்சம் பிடித்த நம்பிக்கை இப்படித்தான் மொத்தமாகப் போகிறது.

முதல் வாதத்துக்கு, நான் ஒரு காரியம் செய்து பார்த்தேன். சொல்ல வேண்டியதை ஐந்து வரியாக எழுதி, கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சத்தமாகப் படித்தேன்:

"சாப்பிட்டதும் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள், அரை மணி நேரம் படுக்காதீர்கள். பால், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து இவற்றோடு சேர்த்துப் போடாதீர்கள். வெயிலில் உடம்பை மூடிக்கொள்ளுங்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று சொல்லுங்கள். விடாத தலைவலி, பார்வை மங்கல், கடுமையான வயிற்றுப்போக்கு, தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்."

முப்பது வினாடிகூட ஆகவில்லை. டாக்டருக்கு அதற்கும் நேரம் இல்லை என்றால் இதையே கால் பக்கத் தாளில் தமிழில் அச்சடித்து மாத்திரையோடு கொடுக்கலாமே? நகைக்கடைக்காரர் ஒரு கிராம் மூக்குத்திக்கு மூன்று பக்கம் ரசீது கொடுக்கிறார். 84 கேப்சூலுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாதா? மருந்துக்கடையில் படித்த மருந்தாளுநர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதே இதற்குத்தானே? 1-0-1 எழுதுவதற்கு டிப்ளமோ எதற்கு?

எனக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. ஒத்தடத்தை நான் மதிக்கவில்லை. இந்த நோய்க்கு முதல் படியே அதுதான். தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைப்பது போல, சூடு பட்டால்தான் உறைந்த எண்ணெய் இளகும். தாங்குகிற சூட்டில் ஐந்து முதல் பத்து நிமிடம், பிறகு இமையை மெல்ல நீவிவிட்டு ஓரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் அடங்காதவர்களுக்குத்தான் மாத்திரை. நான் முதல் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, இரண்டாம் படி வழுக்கியது என்று புகார் சொல்கிறேன். விடுதியில் கெட்டில் வைக்கத் தடை. இப்போது தினமும் காலை மெஸ்ஸில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி, கைக்குட்டையை நனைத்து நனைத்து ஒத்தடம் கொடுக்கிறேன். ஆறிப்போனால் மறுபடி நனைக்க வேண்டும். மெஸ் அண்ணன் முதலில் "என்ன தம்பி, பிரசவமா?" என்று கேட்டார். இப்போது நான் கேட்காமலே சொம்பை நீட்டுகிறார்.

'சரிதான், இந்த மாத்திரையே வேண்டாம், வேறு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கலாம்' என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அசித்ரோமைசின் ஐந்து நாள் கொடுத்து, ஒரு மாத டாக்சிசைக்ளினோடு ஒப்பிட்ட ஈரானிய ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. அதில் அசித்ரோமைசின்காரர்களுக்குத் தொல்லை குறைவாக இருந்தது. ஆனால் அதே அசித்ரோமைசின் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம் என்று 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. தொல்லையே இல்லாத மருந்து என்று ஒன்று கிடையாது. ஆளைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் உண்டு, அதற்கு டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. டாக்சிசைக்ளின் நம் பக்கத்துக்கு ரொம்ப வேண்டிய மருந்து. மழைக்காலம் தொட்டு கிராமங்களில் வருகிற உண்ணிக் காய்ச்சலில் இதுதான் உயிர் காக்கிறது. கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று, வேலூர் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. அப்படிப்பட்ட மருந்தை நாம் இமைக்காக இரண்டு வாரம் போட்டு, வயிறு சரியில்லை என்று நிறுத்தி, மறுபடி கண் சிவந்ததும் கடையில் நாமே நாலு வாங்கிப் போட்டு விளையாடினால், கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக் அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று அர்த்தம். 2016-ல் மத்திய அரசு இதை ஒரு இயக்கமாகவே விளம்பரப்படுத்தியது. கோடு போட்டார்கள், சரி. கோட்டுக்குப் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை நம் மொழியில் இரண்டு வரி போட்டால் என்ன?

அம்மா சொன்னதற்கும் நண்பன் சொன்னதற்கும் என் பதில் இதுதான். மருந்தைச் சபிக்கவும் வேண்டாம், தொல்லையைத் தவம் மாதிரித் தாங்கவும் வேண்டாம். என்ன வரும், எதைத் தடுக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை இருக்கிறது. அவர்கள் சொல்லாவிட்டால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கேளுங்கள். பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும். நாளைக்கு அவருக்கும் அதே மாத்திரைதான். (நான் டாக்டர் இல்லை, மேலே எழுதியதை வைத்து யாரும் மருந்தை ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு ஆறு வாரமும் ஒருவழியாக முடிந்தது. கண் இப்போது பரவாயில்லை. காலையில் பொறுக்கு குறைந்திருக்கிறது, கண்கட்டி வரவில்லை. மாத்திரையாலா, மெஸ் வெந்நீராலா என்று எனக்குத் தெரியாது, அநேகமாக இரண்டாலும்தான்.

போன வாரம் பக்கத்து அறை ஜூனியர் ஒருவன் பருவுக்கு இதே கேப்சூலை வாங்கிக்கொண்டு வந்தான். பழுப்புக் கவர், மேலே 1-0-1. கவரை வாங்கித் திருப்பி, பின்பக்கம் அந்த ஐந்து வரியையும் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு, "அண்ணே, இதைக் கடையிலயே எழுதிக் குடுத்திருக்கலாமே?" என்றான்.

அதைத்தான் நானும் கேட்கிறேன்.